இரண்டு மேசையும் ஒரு பிள்ளையும்

கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிற ஒருவனிடம் போய் "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவன் லேசில் நிறுத்தமாட்டான். அது தெரிந்தும் கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள். அறிவித்தலை எந்தத் தாளில் எழுதுவது, யாரிடம் கையொப்பம் வாங்குவது என்பதெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கிழமையில் அது தானாகக் கைக்கு வந்துவிடும். நான் எழுதப் போவது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஆனால் அந்த நாளைப் போல நான் சந்தோஷப்பட்ட நாளும் வேறில்லை.

கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி விழுந்து துரைமாரின் முகமெல்லாம் வாடிப்போயிருக்கிற காலம் இது. நான் சொல்வது அதற்கு முந்தியது. அப்போது கண்டித் தெருக்களில் கோப்பி வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே மனிதர்களுக்கு ஒரு பக்கமாக நடக்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. நான் நகரசபைக் கந்தோரில் தமிழ்த் துபாசி. நகரத்தை நடத்துகிறவர்கள் ஜனங்களுக்கு ஒன்றைச் சொல்ல நினைத்தால் அது முதலில் ஆங்கிலத்தில் பிறக்கும். வாவியில் மாடு குளிப்பாட்டக் கூடாது, அம்மைப்பால் குத்த வைத்தியர் வருகிறார், இன்ன நாளில் பாலம் திருத்துவார்கள், இன்ன இடத்தில் மருந்து இலவசம் என்று இப்படி. அதை நான் தமிழாக்குவேன். எதிர் மேசையில் இருந்தவர் சிங்களமாக்குவார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாசலில் உள்ள பலகையில் வாசித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குத் தம்பட்டம்தான்.

என் மேசைக்கு ஒரு தம்பட்டக்காரர் உண்டு, பெயர் முத்தன். தமிழர் தெருக்கள், வண்டிப் பேட்டை, இந்தியாவிலிருந்து வரும் கூலியாட்கள் தங்கும் கொட்டகை, கட்டுகஸ்தோட்டைக் கடைவீதி, இவ்வளவும் அவருடைய வட்டாரம். சிங்கள மேசையின் தம்பட்டக்காரர் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போவார். கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் எல்லாச் சாதி ஜனமும் இருப்பதால் அங்கே மட்டும் இருவரும் போவார்கள். ஒருவர் காலையில், மற்றவர் பின்னேரம்.

ஒவ்வொரு மேசையிலும் கடிதம் போடுவதற்கு ஒரு மரத் தட்டு இருந்தது. தமிழில் வந்த காகிதம் தமிழ்த் தட்டில், சிங்களத்தில் வந்தது சிங்களத் தட்டில். எனக்கு முன்பு அந்தக் கதிரையில் இருந்தவர் போகும்போது எனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. "உன்ரை தட்டைப் பார். மற்றவன்ரை தட்டை எட்டிப் பாராதை. அதுதான் மரியாதை." நான் அதை வேதம்போல எடுத்துக்கொண்டேன்.

மரியாதை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். எதிர் மேசைக்காரருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ஜன்னல். அவருக்குக் காற்று வேண்டும், எனக்குக் காகிதம் பறக்கக் கூடாது. அவர் திறப்பார், நான் சாத்துவேன். ஒருநாள் ஏதோ வார்த்தை தடித்துவிட்டது. படித்த மனிதர்கள் இருவர் ஒரு ஜன்னலுக்காக இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்களுக்கு அது அப்போது பெரிய விஷயம்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் போல ஒரு பெண் கந்தோர் படியேறி வந்தாள். பின்னால் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் ஒரு கங்காணி. மாத்தளைப் பாதையால் நடந்து வந்த கூட்டத்தைச் சேர்ந்தவள், பெயர் மாரியாயி. காலில் புழுதி முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அன்று விடிகிற நேரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வரும்போது கடைவீதியில் ஒரு வண்டி மாடு மிரண்டு ஓட, ஜனம் நாலு பக்கமும் சிதறியிருக்கிறது. தூசி அடங்கிப் பார்த்தால் கையைப் பிடித்திருந்த மகளைக் காணவில்லை. விடிந்ததிலிருந்து தேடிவிட்டு, யாரோ சொல்லிக் கந்தோருக்கு வந்திருக்கிறாள்.

நான் தாளை எடுத்தேன். "பிள்ளையின்ரை பேர் என்ன அம்மா? வயசு?"

"செவந்திங்க. அஞ்சு வயசு."

"என்ன உடுப்பு?"

"மஞ்சச் சீட்டிப் பாவாடைங்க. மேலுக்கு ஒண்ணுமில்ல."

"வேறை ஏதும் அடையாளம் சொல்லுங்கோ."

அவள் யோசித்தாள். "வாயிதாங்க அடையாளம். தூங்குறப்பகூடப் பேசிக்கிட்டே இருக்கும்."

எழுதினேன். மஞ்சள் பாவாடை, ஓயாமல் பேசும் பிள்ளை. நல்ல தமிழில், அழகாகத்தான் எழுதினேன். முத்தன் அன்று பின்னேரமே நகரத்தில் அடித்தார். மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டையில் அடித்தார். தமிழர் இருக்கிற ஒரு மூலை முடுக்கையும் அவர் விடவில்லை. தமிழ்ப் பிள்ளை தொலைந்தால் தமிழருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

ஒரு தகவலும் வரவில்லை. மாரியாயி கந்தோர் விறாந்தையில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துப் பெண்கள் சோறு கொண்டுவந்து வைத்தார்கள், அது அப்படியே கிடந்தது. அவளுடைய புருஷன் போன வருடமே கம்பளைக்கு மேலே உள்ள தோட்டத்துக்கு வந்து, குடிசை ஒழுங்கு பண்ணிவிட்டு, பெண்சாதி பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறான். "அவருகிட்டப் போயி என்னான்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்பாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்யப் பழகினேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை கங்காணி வந்தார்.

"ஐயா, முப்பது பேரக் கூட்டிக்கிட்டு நிக்கிறேன். தோட்டத்துல கோப்பி பழுத்துக் கொட்டுது. தொரை வழி பாத்துக்கிட்டு இருப்பாரு. நானும் புள்ள பெத்தவந்தான், அதான் ரெண்டு நாள் பொறுத்தேன். இன்னைக்கு உச்சிக்கு மேல நிக்க முடியாதுங்க."

அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கொட்டகைக்குத் திரும்பினார். தெரியாத ஊரில், தெரியாத பாதையில், ஒரு பெண் தனியாக மலையேறிப் புருஷனைத் தேடிப் போவது எப்படி முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், வந்து சேர்ந்தார். பருத்த மனிதர். சரக்கு எடுக்கக் கண்டிக்கு வந்தவர், வந்த கோபத்தோடு கந்தோருக்குள் ஏறிவிட்டார். இரண்டு மேசைக்கும் நடுவே நின்றுகொண்டு பிடித்தார் பாருங்கள்.

"என்னேன் ஐயா இது? நேத்துக் காலைல ஒங்கட ஆள் வந்து புள்ளயக் காணல்லண்டு அடிக்கிறான். பின்நேரம் இந்தச் சிங்கள மஹத்தயாட ஆள் வந்து புள்ள ஒண்டு கெடச்சீக்கிண்டு சிங்களத்துல அடிக்கிறான். ரெண்டு பேரும் ஒரே கந்தோர்லதானே இரிக்கிறீங்க? ஒங்களுக்குள்ள பேச்சு வார்த்த இல்லியா?"

நான் எதிர் மேசையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தோம், அதுவும் இந்த லட்சணத்தில்.

நடந்தது இதுதான். பிள்ளை தொலைந்த அன்றே கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணிடம் ஒரு பிள்ளை வந்து சேர்ந்திருக்கிறது. அவள் ஊர்த் தலைவரான ஆராச்சியிடம் சொல்ல, அவர் மறுநாள் சிங்களத்தில் கடிதம் எழுதி அனுப்ப, சேவகன் அதைச் சிங்களத் தட்டில் போட்டான். என் கதிரையிலிருந்து நாலு முழம். எதிர் மேசைக்காரருக்கு எழுதுவதைச் சத்தமாக வாசிக்கிற வழக்கம் உண்டு. அன்றும் வாசித்திருப்பார். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் வாய் திறந்தால் என் காது தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவு நன்றாக அதைப் பழக்கி வைத்திருந்தேன். அவருக்கோ விறாந்தையில் ஒரு தமிழ்ப் பெண் அழுதுகொண்டிருப்பது தெரியும். தமிழ் மேசை விவகாரம் என்று விட்டுவிட்டார்.

நான் எழுந்து போய் அவருடைய தட்டிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. வாசித்ததும் மனம் சோர்ந்துவிட்டது. 'வெள்ளைச் சட்டை அணிந்த, தலைவாரிக் கொண்டை போட்ட சிறு பெண். ஊமை.'

"உன் பிள்ளை ஓயாமல் பேசும், மஞ்சள் பாவாடை" என்று அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "இது வேறு பிள்ளை. ஊமை என்றபடியால்தான் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை என்று நினைத்துச் சிங்களத்தில் மட்டும் அடிக்கச் சொன்னேன்."

அவர் என் அறிவித்தலில் இருந்ததை வார்த்தை பிசகாமல் சொன்னார். அவருடைய காது என் காதைப்போல மூடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது என்ன செய்வது? இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள் தம்பிமாரே. சேவகனை அனுப்பி முதலில் பார்த்துவரச் சொல்லலாம். அதுதான் கந்தோர் முறை. ஆனால் அவன் போய்த் திரும்புவதற்குள் கூட்டம் புறப்பட்டுவிடும். மாரியாயியைக் கூட்டிக்கொண்டு போகலாம். போய்ப் பார்த்து அது வேறு பிள்ளையாக இருந்தால், பிள்ளையும் இல்லை, கூட்டமும் இல்லை. வீண் ஆசை காட்டிய பாவம் வேறு. கால் மணிநேரம் நாங்கள் மூன்று ஆண்கள் நின்று விவாதித்தோம். நானா ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, சிங்கள மேசைக்காரர் தலையை ஆட்ட, சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியில் எனக்கு ஒன்று உறைத்தது. பிள்ளை அவளுடையது. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

விறாந்தைக்குப் போய், அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அம்மா, ஆத்தங்கரையிலை ஒரு பிள்ளை இருக்குதாம். அடையாளம் ஒண்டும் ஒத்து வரேல்லை. அது பேசாதாம். உங்கடை பிள்ளை எண்டு நான் சொல்ல மாட்டன். போனால் நீங்கள் கூட்டத்தை விட்டுவிடவும் கூடும். என்ன செய்வம், சொல்லுங்கோ."

அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள். "எம்புள்ள இல்லாட்டியும் அதுவும் யாரோ பெத்த புள்ளதானேங்க. வாங்க, பாத்துட்டு வந்துருவோம்."

நானாவின் ஒற்றை மாட்டு வண்டியில் ஏறினோம். முன்னால் நானா, பின்னால் மாரியாயி, அவளுக்குப் பக்கத்தில் யாரும் கூப்பிடாமலே தம்பட்டத்தோடு ஏறிக்கொண்ட முத்தன். மிஞ்சியிருந்த ஒரு சாண் பலகையில் நானும் எதிர் மேசைக்காரரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அவர் சால்வையைச் சரிசெய்யும்போதெல்லாம் அது என் மூக்கில் பட்டது. கந்தோரில் சிரிப்பே வராத மனிதர், பாலத்தடிக்கு வரும்போது என்னைப் பார்த்து, "இங்கே காற்று போதுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரிக்கிற நேரமா அது என்று மனம் இடித்தது, ஆனாலும் வந்துவிட்டது.

ஆற்றோரமாக ஒரு ஒழுங்கை. அதன் முடிவில் அந்த வீடு. முற்றம் முழுவதும் பாய் விரித்து வீட்டுக் கோப்பி காயப்போட்டிருந்தது. ஒரு நடுவயதுப் பெண், பெயர் லொக்கு மெனிக்கே, வாரியால் கோப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாய்களுக்கு நடுவே முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு பெரிய வெள்ளைச் சட்டைக்குள் ஒரு சின்ன உருவம் குச்சியால் கோழி விரட்டிக்கொண்டிருந்தது.

மாரியாயி வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. குச்சியைப் போட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டது.

"எங்கம்மா போயிட்ட? ஒன்னைய எம்புட்டு நாளு தேடுறது!"

அதற்குப் பிறகு அது வாயை மூடவில்லை. தாயின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு கோழி கொத்தினதை, ஆற்றில் குளித்ததை, பாவாடை கிழிந்ததை, இந்த அம்மா பாற்சோறு தந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. லொக்கு மெனிக்கே வாரியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். "ஐயோ, பிள்ளை பேசுகிறதே!" என்று சிங்களத்தில் கத்தினாள். ஊமைப் பிள்ளை என்று நினைத்து, பேச்சு வரவேண்டும் என்று ஊர்க் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தாளாம் பாவம். அவளே கோப்பி பறிக்கிற வேலையை விட்டுவிட்டு இரண்டு முறை ஆராச்சி வீட்டுக்கு நடந்து, "தாயைக் கண்டுபிடியுங்கள், அவள் பைத்தியமாகியிருப்பாள்" என்று மன்றாடியிருக்கிறாள்.

"ஏன்டி, மூணு நாளா ஏன் வாயத் தொறக்கல?" என்று தாய் கேட்டாள்.

"நீதானே சொன்ன, தெரியாதவங்ககூடப் பேசக் கூடாதுன்னு!"

மாரியாயி பிள்ளையோடு அப்படியே மெனிக்கேயின் காலில் விழப் போனாள். மெனிக்கே பிடித்துத் தூக்கினாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்கள், அழுதார்கள், பிள்ளையின் கொண்டையைக் காட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி சிங்களத்தில். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். எதிர் மேசைக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தி, "சும்மா இரு" என்றார். நகரம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த இரண்டு துபாசிமார் ஒரு முற்றத்தில் வேலையில்லாமல் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கு அது தொலைந்தது தெரியும். அதை அவர்களுக்கே அவர்கள் பாஷையில் மூலைக்கு மூலை அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டெடுத்தவள் எந்தப் பாஷைக்காரியாக இருப்பாள் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. ஒரு செய்தி கைக்கு வந்தால் இது யாரைப் பற்றியது என்று பார்த்து நிறுத்திவிடாதீர்கள். யாருக்குத் தெரிந்தால் காரியம் நடக்கும் என்று கேளுங்கள். பிறகு அடுத்த மேசையை எட்டிப் பாருங்கள். மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். அடையாளம் எழுதும்போது உடுப்பை நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெண்ணும் அழுக்குப் பிள்ளை கையில் கிடைத்தால் முதலில் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் நாலு பிள்ளை பெற்றவன்.

திரும்பி வருகிற வழியில் கட்டுகஸ்தோட்டைக் கடைவீதி நடுவே நானா வண்டியை நிறுத்திவிட்டார். உச்சி நெருங்குகிறது, கங்காணி போய்விடுவார் என்று நான் பதறினேன்.

"அந்தா நிக்கிறார் ஒங்கட கங்காணி" என்றார் நானா. உண்மைதான். மத்தியானத்துக்கு மேல் நிற்க முடியாது என்று சொன்ன மனிதர் கூட்டத்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, மூன்று பெண்களோடு எங்களைத் தேடி நடந்தே வந்து பாலத்தடியில் வியர்த்து நின்றார். பிள்ளையைக் கண்டதும் தலைப்பாகையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

"இப்ப சேதிய செல்லுங்க" என்றார் நானா. "நேத்து முழுக்க ஆளுக்கொரு பாதிய செல்லி எங்கட காதக் கொடஞ்சீங்க. ஊரே புள்ளைக்கு என்ன ஆச்சோண்டு சோறு தின்னாம ஈக்கிது. மிச்சத்தையும் செல்லிட்டுப் போங்க."

முத்தன் தம்பட்டத்தைத் தோளில் மாட்டினார். கடைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாளில் எழுதாமல், கையொப்பம் வாங்காமல், என் வாழ்நாளில் முதல்தடவையாக நானே வண்டியில் ஏறி நின்று கத்தினேன். "காணாமல் போன பிள்ளை செவந்தி கிடைத்துவிட்டது! தாயிடம் சேர்ந்துவிட்டது!" எதிர் மேசைக்காரர் பக்கத்தில் ஏறி நின்று சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அதையே சிங்களத்தில் கத்தினார். அவர் குரல் இவ்வளவு பெரியது என்று நானும் அறியேன். கடைவீதி முழுவதும் ஓவென்று ஆர்ப்பரித்தது. வெற்றிலைக்காரி ஓடிவந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். யாரோ ஒரு சிங்களக் கடைக்காரர் கித்துள் கருப்பட்டி ஒன்றை வண்டிக்குள் எறிந்தார்.

நான் கீழே இறங்கப் போனேன். மாரியாயி என் வேட்டி ஓரத்தைப் பிடித்தாள். பிள்ளை அவள் மடியில் கருப்பட்டி தின்றுகொண்டே எதையோ பேசிக்கொண்டிருந்தது.

"ஐயா, இன்னொரு வாட்டி சொல்லுங்கய்யா. மூணு நாளா காணோம் காணோம்னே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

முத்தன் மறுபடியும் தம்பட்டத்தைத் தட்டினார். நாங்கள் இருவரும் திரும்ப ஏறி நின்று, இன்னொரு தரம் சொன்னோம்.